ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையரில் ரீங்காரம் நின்ற விதம்

தனித்தனியாக இருந்த ஆம்ப்ளிஃபையரையும் இணையம் வழியே பாடல்களை இசைக்கும் நெட்வொர்க் பிளேயரையும் எடுத்துவிட்டு, இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கிய ஸ்ட்ரீமிங் ஆம்ப்ளிஃபையரைப் பொருத்திய அன்றே, பாடல் தொடங்குவதற்கு முன்னுள்ள அமைதியில் ஸ்பீக்கர்களிலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்டது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது, தொலைக்காட்சியிலிருந்து ஒலியை மின் சமிக்ஞையாகக் கொண்டுவந்த ஆர்சிஏ வயரைப் பிடுங்கியதும் அது சட்டென அடங்கியது. தொலைக்காட்சியின் கேபிள் இணைப்பு வழியாக ஓர் எர்த் பாதையும், ஆம்ப்ளிஃபையரின் மூன்று முள் பிளக் வழியாக மற்றொன்றும் சேர்ந்து வளையமாகியிருந்தன. அதில் ஓடிய சிறு மின்னோட்டமே ரீங்காரமாகக் கேட்டிருக்கிறது. எர்த் இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கே ஆபத்து என்பதால் அதன் பக்கமே போகவில்லை. அந்த வயருக்குப் பதிலாக, ஒலியை ஒளியாக அனுப்பும், மின்சாரம் கடத்தாத ஆப்டிகல் கேபிளைப் போட்டு, ஸ்டீரியோ கருவிக்குப் புரியும்படி தொலைக்காட்சியின் ஒலி வெளியீட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி வடிவம்) என மாற்றினேன். இப்போது பியானோவின் கடைசிச் சுரம் தேய்ந்து மறைவதுவரை தெளிவாகக் கேட்கிறது.