எல்லாமே சூடு இல்லை: பால்வினைத் தொற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் வெயிலில் எதற்கும் சூடு என்று பெயர் வைத்துவிடலாம். சிறுநீர் போகும்போது எரிந்தால் சூடு, வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு வந்தாலும் சூடு. இளநீரும் வெந்தயமுமாக இரண்டு வாரம் ஓடிவிடும். தண்ணீர் குறைந்தால் எரிச்சல் வரும், உண்மைதான். ஆனால் ஆணுறுப்பில் சீழ் வடிந்தால் அது சூடு இல்லை. பெரும்பாலும் உடலுறவில் பரவும் கொனோரியா அல்லது கிளமிடியா தொற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020-ல் மட்டும் புதிதாகக் கிளமிடியா தொற்றுகள் சுமார் 12.9 கோடி, கொனோரியா 8.2 கோடி, சிபிலிஸ் 71 லட்சம். எல்லாம் 15 முதல் 49 வயதுக்குள்.

எனக்கு அதிகம் பயம் தருவது சிபிலிஸ் விஷயத்தில் நடக்கும் தவறு. பிறப்புறுப்பில் ஒரு புண் வரும், வலிக்காது. மூன்று முதல் ஆறு வாரத்தில், எதுவும் செய்யாவிட்டாலும் தானே ஆறிவிடும். பூசிய களிம்பு வேலை செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் சில வாரங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பு வரும்; அதுவும் மறையும். கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். பல வருடம் கழித்து இதயம், மூளை வரை போகலாம். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கவும் கூடும். ஆரம்பத்தில் பிடித்தால் ஒரே ஒரு தவணை பென்சிலின் ஊசி போதும் என்பதுதான் வேதனை.

கிளமிடியா வேறு மாதிரி. பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. கருக்குழாய் அடைபட்டு, குழந்தை இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுதான் சிலருக்குத் தெரியவரும்.

மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை கேட்டு வாங்குவதும், பஸ் ஸ்டாண்டு சுவரில் ‘மேகநோய்’ என்று ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் தங்கியிருக்கும் போலி வைத்தியரிடம் போவதும் வேண்டாம். முன்பு கொனோரியாவைக் குணப்படுத்திய சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை இன்று பெரும்பாலும் வேலை செய்வதில்லை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கு இலவச சிகிச்சை உண்டு. சீழ் வடிந்தால் அங்கே கொடுக்கும் சாம்பல் நிறப் பொட்டலத்தில் அசித்ரோமைசின், செஃபிக்சிம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகள் இருக்கும். அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட ஒன்றும் இல்லை. போகிறபோதே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். புண் இருந்தால் அந்த வைரஸ் நுழைவது சுலபம். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-ல், சென்னையிலிருந்து வந்த இரத்தத்தில் கண்டது நம் ஊர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆய்வகம்தான்.

இது லாரி ஓட்டுபவர்களுக்கு வருவது, குடும்பத்தில் இருப்பவர்களுக்கு வராது என்ற பேச்சும் தவறு. தொழில் பார்த்துக் கிருமி வருவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட துணை, ஆணுறை இல்லாத உறவு, குடித்துவிட்டு அதை மறப்பது, முன்பே ஒரு தொற்று வந்தது, இவைதான் ஆபத்தைக் கூட்டுபவை. கணவரைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் அவர் வழியாகவே வரலாம். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் பலமிழந்து கிழியும்.

கடைசியாக, தான் மட்டும் மருந்து சாப்பிட்டுவிட்டுத் துணையிடம் சொல்லாமல் இருப்பது. சொல்வது கஷ்டம்தான், சண்டை வரும். ஆனால் துணைக்கும் சிகிச்சை கொடுக்காவிட்டால் தொற்று அவரிடமிருந்தே திரும்பி வரும். கிளமிடியாவுக்கோ கொனோரியாவுக்கோ மருந்து எடுத்தபின் இருவரும் ஏழு நாள் உறவைத் தள்ளிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்து கேட்கலாம், கட்டணம் இல்லை.