மேனிஃபோல்டு கேஸ்கெட் மாற்ற: பாதி வேலை ஸ்டட்டில்தான்

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டக் டக்’ சத்தம், வண்டி சூடானதும் அடங்கிவிடும். டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) என்று நினைத்து வால்வு கவரைக் கழற்றும் முன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி) எஞ்சினின் மேல் பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கரி படிந்திருந்தால், இரண்டுக்கும் இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்தான். சூட்டில் இரும்பு விரிந்து இடுக்கை மூடுவதால் சத்தம் மறைகிறது, அவ்வளவுதான். தள்ளிப்போட வேண்டாம், கசியும் புகை வண்டிக்குள் வந்தால் ஆபத்து, அதிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நாகை, வேதாரண்யம் பக்கத்து வண்டியா? உப்புக்காற்றில் ஸ்டட்டும் (மேனிஃபோல்டைப் பிடிக்க ஹெட்டிலிருந்து நீட்டியிருக்கும் மரைக் கம்பி) நட்டும் துருவேறி ஒன்றாகியிருக்கும். முதல்நாள் மாலை, எஞ்சின் ஆறியதும் துரு இளக்கும் ஸ்பிரே அடியுங்கள். காலையில் இன்னொரு தடவை.

பேட்டரி நெகட்டிவ், மேனிஃபோல்டை மூடியிருக்கும் மேல் தகடு, ஆக்சிஜன் சென்சார் சாக்கெட், கீழே சைலன்சர் பைப் என்ற வரிசையில் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கொடுங்கள். நட்டுக்கு 6 முனை பாக்ஸ் ஸ்பானர்தான். 12 முனை வழுக்கி நட்டை மழுக்கிவிடும். கால் சுற்று கழற்று, கொஞ்சம் திரும்ப முறுக்கு, மறுபடி கழற்று. கீச்சென்று கத்தினால் நிறுத்தி ஸ்பிரே அடியுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் ஒடியும். ஒடிந்த ஸ்டட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் நட்டு வைத்து வெல்டிங் செய்தால், அந்தச் சூட்டிலேயே இளகும்.

ஹெட்டில் புகை வெளிவரும் போர்ட்டுகளில் (துளைகளில்) துணி அடைத்து, பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுங்கள் (எத்தனை துணி என்று எண்ணி வையுங்கள்). அலுமினிய ஹெட்டில் கிரைண்டர் கூடவே கூடாது. மேனிஃபோல்டின் முகத்தில் நேர்ப்பட்டை வைத்து, இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். மேனுவல் அளவைத் தாண்டி வளைந்திருந்தால் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. பம்ப்செட் ஹெட் ஃபேஸ் அடிக்கும் (முகத்தைச் சீவிச் சமமாக்கும்) லேத் பட்டறையில் கொடுங்கள். விரிசலும் பாருங்கள். ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரில் சூட்டோடு இறங்கிய வண்டியில் வார்ப்பிரும்பு வெடித்திருக்கலாம்.

புது கேஸ்கெட்டை உலர்வாகவே மாட்டுங்கள். சிலிக்கான் பேஸ்ட் கருகும், அதன் ஆவி சென்சாரையும் கெடுக்கும். நட்டுகளும் புதிது. நடுவிலிருந்து இரு பக்கமும், இரண்டு தவணையாக முறுக்குங்கள், 8 மி.மீ. ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 20–25 நியூட்டன் மீட்டர், முடிவு மேனுவலுடையது.

ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில், சூடேறும் முன் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வந்தால் கசிகிறது. கொஞ்ச நேரம் புகை வரும், அது நீங்கள் அடித்த ஸ்பிரே எரிவது.