எல்லையோரக் கால்நடை நோய்க் கண்காணிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவ்வாய்க்கிழமை கூடும் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வேலூர், திருப்பத்தூர் ஊர்களின் மாடு மட்டும் வருவதில்லை. சித்தூர், பலமனேர், குப்பம் பக்கத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வண்டி வண்டியாக வருகிறது. காலையில் கைமாறிய மாடு பொழுது சாய்வதற்குள் மூன்று மாநிலங்களில் எந்தத் தொழுவத்திலும் கட்டப்படலாம். ஆனால் அந்த மாட்டின் நோயைப் பற்றிய தகவல் அவ்வளவு சுலபமாக எல்லையைத் தாண்டுவதில்லை. குடியாத்தத்தில் பதிவேட்டில் ஏறிய கோமாரி (வாய், குளம்புப் புண் நோய்), ஆந்திர எல்லையிலுள்ள சைனகுண்டா சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவருக்குத் தெரிய வேண்டுமென்றால் இரண்டு மாநிலத் துறைகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் நோய்ப் பரவலை ஆராய வரும் மாணவர்கள், மருந்தகப் பணியாளர்கள், கறவை மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரையும் மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். கண்காணிப்பு சோதனைக்கூடத்தில் தொடங்குவதாக நினைக்கிறோம். அது தொழுவத்திலும் சந்தையிலும் தொடங்குகிறது. அங்கே விழும் பிழையை எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் பிறகு திருத்த முடியாது.

தகவல் வராததை நோய் இல்லாததாக எண்ணுவது

மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. கோமாரி பதிவான ஊர்களுக்கெல்லாம் மாவட்ட வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். பெரும்பாலான புள்ளிகள் மருந்தகத்தையும் பால் சங்கத்தையும் தார்ச்சாலையையும் ஒட்டியே விழும். பேரணாம்பட்டு மலையடிவாரமோ ஜவ்வாது மலையோ வெறுமையாகக் கிடக்கும். அங்கே நோய் வரவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாக இருக்கலாம். எந்த ஊரிலிருந்து தகவல் வந்தது என்பதோடு, எந்த ஊரில் யார் எப்போது போய்ப் பார்த்து "இங்கே இல்லை" என்று எழுதினார் என்பதும் பதிவேட்டில் இருக்க வேண்டும். பூஜ்யத்தையும் எழுதி வைக்கிற பழக்கம் நம்மிடம் மிகவும் குறைவு.

"10 மாட்டுக்கு ரத்தம் எடுத்தோம், ஒன்றிலும் இல்லை, ஊர் சுத்தம்" என்பது அடிக்கடி கேட்கும் முடிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10ல் ஒன்றும் கிடைக்காதபோது, 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிவதெல்லாம் நோய் ஏறத்தாழ 26 சதவீதத்துக்கு மேல் இருக்காது என்பது மட்டும்தான். பெரிய மந்தையில் 5 சதவீத அளவில் மறைந்திருக்கும் நோயை அதே உறுதியோடு பிடிக்க 59 மாடுகளைப் பார்க்க வேண்டும். 1 சதவீதம் என்றால் 299. அதுவும் சோதனை பிழையே செய்யாது, மாடுகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன என்ற இரண்டு நிபந்தனைகளோடு. ஒரே தொழுவத்து 10 மாடு ஒரே தண்ணீர்த் தொட்டியில் வாய் வைப்பவை. அவற்றைப் பத்து தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிவிடக் கூடாது.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய பாடம் இருக்கிறது. வெக்கை நோய் என்று பெரியவர்கள் சொல்லும் ரிண்டர்பெஸ்ட், இந்தியாவில் கடைசியாகப் பதிவானது 1995ல், பழைய வடஆற்காட்டுப் பகுதியில். அதோடு நாடு வேலையை முடித்துக்கொள்ளவில்லை. அந்த நோய்க்கான தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் கண்டு பிழைத்த மாட்டின் ரத்தமும் சோதனையில் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் தடுப்பூசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகவும் மாடு போகும் தடம் தடமாகவும் தேடினார்கள். ரத்த மாதிரி ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். நாட்டில் தொற்றே இல்லை என்று உலக விலங்கு சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்டது 2006ல்தான். உலகம் முழுவதும் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது 2011ல். இல்லை என்று சொல்வதற்கு இந்த மண்ணில் பதினோரு வருட உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. ஒரு மாத ஆய்வில் அதைச் சொல்லிவிடத் துடிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பார்த்தவுடன் பெயர் வைப்பது

ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக உறுதி செய்யப்பட்டது 1987ல், விழுப்புரம் பக்கம் அரசூரில். அதற்கு முன்பும் ஆடுகள் மூக்கொழுகி, வாய் புண்ணாகி, கழிந்து செத்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஆட்டுக்கு வந்த வெக்கை என்றோ, நுரையீரலில் பாக்டீரியா கிடைத்தால் தொண்டை அடைப்பான் வகை என்றோ எழுதிவிடுவது வழக்கம். வைரஸ் உடலைத் தளர்த்திய பிறகு அந்த பாக்டீரியா இரண்டாவதாக உள்ளே வருகிறது என்பது பிறகுதான் தெளிவானது. முதலில் கையில் கிடைத்த கிருமியே குற்றவாளி என்று கோப்பை மூடுவது இன்றும் நடக்கிறது.

எனவே களத்தில் "கோமாரி வந்ததா?" என்று கேட்காதீர்கள். எச்சில் ஒழுகியதா, நொண்டியதா, நாக்கிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் இருந்ததா, பால் எந்தத் தேதியில் குறைந்தது, கன்றுக்குட்டி திடீரென்று செத்ததா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கோமாரி வைரஸ் இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்கும். கொப்புளமே வெளியில் தெரியாமல் கன்று விழுந்து சாகும். அதைப் பாம்புக்கடி என்று ஊர் எழுதிக்கொள்ளும்.

மாதிரியைக் கெடுத்து அனுப்புவது

கோமாரிக்குத் தேவை உடையாத அல்லது அப்போதுதான் உடைந்த கொப்புளத்தின் தோல். அதை, அமிலத்தன்மை மாறாமல் காக்கும் பஃபர் கலந்த கிளிசரின் கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். இந்த வைரஸுக்குப் புளிப்பு ஆகாது. கரைசலின் அமிலத்தன்மை சிறிது மாறினாலும் சிதைந்துவிடும். ஃபார்மலினில் போட்டால் வைரஸ் செத்துப்போகும். பிறகு எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. வகை தெரிவது மிக அவசியம். இப்போது இந்தியாவில் சுற்றுவது ஓ, ஏ, ஏசியா 1 என்ற மூன்று வகைகள். ஒன்றுக்கான எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது. ரத்தத்தைப் பொறுத்தவரை, சீரம் எனும் தெளிநீரைப் பிரிப்பதற்கு முன் முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்துவிடுவது பரவலான பிழை. செல்கள் உடைந்து மாதிரி சிவந்து வீணாகும்.

தடுப்பூசி தேதி இல்லாத சீட்டோடு வரும் சீரத்தை எப்படிப் படிப்பது? கோமாரித் தடுப்பூசி பரவலாகப் போடப்படும் பகுதியில் வெறுமனே எதிர்ப்புப் புரதம் இருக்கிறது என்பதால் நோய் வந்தது என்று ஆகாது. வைரஸ் உடலுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகும் சில புரதங்களுக்கு எதிரான எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் சோதனை தனியாக இருக்கிறது. சுத்திகரித்த தடுப்பூசி போட்ட மாட்டில் அது பொதுவாக வராது. நோய்ப் பரவல் பற்றி எழுத வேண்டுமென்றால் அந்தச் சோதனைதான் வேண்டும்.

செத்த மாட்டை அறுப்பது

இதில் மட்டும் நான் கண்டிப்பாகவே பேசுவேன். நேற்று வரை மேய்ந்த மாடு திடீரென்று செத்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாகக் கறுத்த உறையாத ரத்தம் வந்தால் அது அடைப்பான் என்னும் ஆந்த்ராக்ஸ் பாக்டீரியா நோயாக இருக்கலாம். அதைப் பிளக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். திறக்காத உடலுக்குள் அந்த பாக்டீரியா அழுகலில் சில நாட்களில் மடியும். கத்தி பட்டு, காற்றுப் பட்டால் விதைபோல் உறைகட்டிக்கொள்ளும். அந்த உறைவித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். அடுத்த மழையில் புல்லோடு இன்னொரு மாட்டின் வாய்க்குப் போகும். ஆய்வு மாணவர்களும் ஆர்வத்தில் பிரேதப் பரிசோதனைக்குப் போய்விடுகிறார்கள். காது நுனி ரத்தத்தில் ஒரு கண்ணாடிச் சில்லுப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிவு. மனிதருக்கும் இது தொற்றும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இந்த வட்டார மக்களிடம் அதைக் கண்டு பதிவும் செய்திருக்கிறார்கள். பிணத்தை ஏரியிலோ ஆற்றிலோ தள்ளுவது 2009ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி குற்றமும் கூட. ஆழப் புதையுங்கள், தோண்டும் நாய் எட்டாத ஆழத்தில்.

சந்தையும் எருது விடும் விழாவும்

கோமாரி உடலுக்குள் புகுந்து அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். கொப்புளம் தெரிவதற்கு முன்பே பாலிலும் மூச்சிலும் வைரஸ் வெளியேறும். பல் பார்த்து, மடி பார்த்து வாங்கினேன் என்பது நோய்க்குப் பதில் ஆகாது. வாங்கிய மாட்டை மூன்று வாரம் தனியே கட்டி, தனி வாளி, கடைசியில் கறவை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமில்லாதவர்கள் தோட்டத்து மரத்தடியிலாவது கட்டலாம்.

அவசரத்தில் நோய் வந்த ஊரிலேயே எல்லா மாட்டுக்கும் ஒரே ஊசியால் தடுப்பூசி போடுவதும் நடக்கிறது. ஏற்கெனவே நோய் அடைகாக்கும் மாட்டுக்கு அது பயன்தராது. நோய்தான் ஊசி வழியாக அடுத்த மாட்டுக்குப் போகும். பிறகு "ஊசியால்தான் நோய் வந்தது" என்ற பேச்சு பரவி, அடுத்த சுற்றில் ஊரே கதவைச் சாத்தும். மாட்டுக்கு ஒரு ஊசி. 2019ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரிக்கு ஆண்டுக்கு இருமுறை போடுவதற்குக் காரணம், பாதுகாப்பு ஏறத்தாழ ஆறு மாதமே நிற்கிறது என்பதுதான். எல்லைக்கு இருபுறமும் சுற்றுகள் வெவ்வேறு வாரங்களில் நடந்தால், பாதுகாப்பு தீர்ந்த மாடும் புதிதாக ஊசி போட்ட மாடும் ஒரே சந்தையில் உரசும்.

தை பிறந்ததும் வேலூர், திருப்பத்தூர் ஊர்களில் எருது விடும் விழா வரிசையாக நடக்கிறது. ஆந்திரக் காளைகளும் கர்நாடகக் காளைகளும் ஓட வருகின்றன. ஒரே காளை அடுத்தடுத்த ஊரில் ஓடுகிறது. பால் சங்கப் பட்டியலை மட்டும் வைத்து மாதிரி எடுக்கும் ஆய்வில் இந்தக் காளைகள் ஒன்றுகூட வராது. அறுவடை வயலில் கிடை போட வரும் ஆட்டு மந்தைகளும் வராது. அதிகம் நடமாடுபவற்றை விட்டுவிட்டு, கட்டுத்தறியில் நிற்பவற்றை மட்டும் எண்ணிப் பரவலைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. காது வில்லையின் 12 இலக்க எண்ணை விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால்கூட பின்னோக்கித் தேட வழி கிடைக்கும். வில்லையை அறுத்து எறிந்த மாட்டுக்கு ஊர் கிடையாது, தடுப்பூசி வரலாறும் கிடையாது.

தகவல் தந்தவரை மறந்துவிடுவது

மாட்டுக்காரர் நோயை மறைக்கிறார் என்று எழுதுவது எளிது. சொன்னால் பால் வாங்க மாட்டார்கள், சந்தையை மூடிவிடுவார்கள், சொன்னவர் பெயர் ஊரில் கெடும். சொல்வதால் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல் அவரைக் குறை சொல்லக் கூடாது. "ஆந்திரா மாடு கொண்டுவந்த நோய்" என்று இந்தப் பக்கமும், "தமிழ்நாட்டுச் சந்தை கொடுத்தது" என்று அந்தப் பக்கமும் ஆதாரமின்றிப் பேசுவது இந்த மௌனத்தை இன்னும் தடிக்கச் செய்கிறது.

வடஆற்காடு மாவட்டத்திலேயே ஒரு நல்ல வழி நடைமுறையில் இருந்திருக்கிறது. வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் மனித நோய்களுக்காக மாவட்ட அளவில் ஒரு கண்காணிப்பு முறையை நடத்தினார்கள். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டும் அச்சடித்த அஞ்சலட்டையில் நோயாளி விவரம் எழுதிப் போடும். சந்தேகமே போதும், உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வந்த தகவலைத் தொகுத்து அனுப்பியவர்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். அந்த முறை பின்னர் கேரளத்தில் கோட்டயத்துக்கும் போனது. கால்நடைக்கு நாம் தவறவிடுவது அந்தத் திரும்ப அனுப்பும் பகுதியைத்தான். ரத்தம் எடுத்துக்கொண்டு போனவர் மறுபடி வந்து, "உங்கள் மாட்டில் இது இருந்தது, இதைச் செய்யுங்கள்" என்று சொல்லாவிட்டால் அடுத்த முறை அந்த வீட்டில் மாட்டைப் பிடித்துக்கொடுக்க ஆள் இருக்காது. கட்டுரை அச்சேறும் வரை காத்திருக்காமல், ஊருக்கான முடிவை ஒரு பக்கத்தில் எழுதிப் பஞ்சாயத்திலும் பால் சங்கத்திலும் ஒட்டிவிடலாம். எல்லையோர ஊர் என்றால் அதைத் தெலுங்கிலும் ஒட்டுங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு: கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 தொலைபேசி எண் தமிழ்நாடு, ஆந்திரா இரு மாநிலத்திலும் ஒன்றே. அழைக்கும்போது நோயின் பெயர் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். அறிகுறி தொடங்கிய தேதி, எத்தனை மாட்டில் எத்தனைக்கு வந்தது, கடைசியாக எப்போது ஊசி போட்டது, கடந்த ஒரு மாதத்தில் மாடு எதையாவது வாங்கினீர்களா விற்றீர்களா என்று சொன்னால் போதும். வாங்கிய மாடு பலமனேர் சந்தையிலிருந்து வந்ததென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லைக்கு அப்பால் எங்கே தேடத் தொடங்குவது என்று மருத்துவருக்குத் தெரிவது அந்த ஒரு தகவலால்தான்.