கறுப்பின பேஸ்பால் பழைய போட்டோ ஆல்பம் சேக்கறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

அமெரிக்காவுல கறுப்பின ஆளுங்கள வெள்ளைக்காரங்க லீக்ல சேக்காத காலத்துல அவங்க தனியா டீம் வச்சு ஆடுனாங்க, அந்தக் காலத்துப் போட்டோ பத்திதான் இது. எடுத்த எடுப்புல சாட்செல் பேஜ், ஜோஷ் கிப்சன்னு அந்த ஆட்டத்தோட ஸ்டார் பேருக்குப் பின்னாடி ஓடாதீங்க, விலையும் கைக்கு எட்டாது, டூப்ளிகேட் அடிக்கிறவனும் அந்தப் பேராப் பாத்துதான் அடிப்பான். சர்ச் டீம், ஃபேக்டரி டீம், சின்ன ஊர் டீம், இந்த மாதிரி வீட்டு ஆல்பத்துல ஆரம்பிங்க.

ஸ்டெப் 1: மூணு வருஷத்த மனப்பாடம் பண்ணிக்கோங்க. 1885ல க்யூபன் ஜயண்ட்ஸ்ங்கற டீம் வந்துச்சு, பேர்லதான் க்யூபா, ஆடுனவங்க அமெரிக்கக் கறுப்பின ஆளுங்க. 1920ல ரூப் ஃபாஸ்டர்ங்கற கறுப்பின டீம் முதலாளி கான்சஸ் சிட்டில நீக்ரோ நேஷனல் லீக்னு கறுப்பின டீம்களுக்கான லீக் ஆரம்பிச்சாரு. 1947ல ஜாக்கி ராபின்சன்ங்கற கறுப்பின ஆட்டக்காரர், அதுவரைக்கும் வெள்ளைக்காரங்க டீமா இருந்த டாட்ஜர்ஸ்க்கு ஆட வந்தாரு. இது தெரிஞ்சா, "1910 நீக்ரோ நேஷனல் லீக் போட்டோ"ன்னு ஒருத்தன் விக்கும்போது சிரிச்சிட்டு நகந்துடலாம்.

ஸ்டெப் 2: லென்ஸ் வச்சுப் பாருங்க. முகத்துல புள்ளி புள்ளியா வரிசையாத் தெரிஞ்சா அது அச்சு, போட்டோ இல்ல.

ஸ்டெப் 3: பின்பக்கம். போஸ்ட்கார்டு போட்டோன்னா ஸ்டாம்ப் ஒட்டற கட்டத்தச் சுத்தி ஏ, இசட், ஓ (AZO, போட்டோ பேப்பரோட பிராண்ட் பேரு) எழுத்து இருக்கான்னு பாருங்க, மூலைல நாலு முக்கோணமும் மேல பாத்தா சுமாரா 1904-1918, ரெண்டு மேல ரெண்டு கீழன்னா 1918-1930. அப்புறம் இருட்டு ரூம்ல யூவி டார்ச் அடிங்க, பேப்பர் பளீர்னு நீலமா மின்னுச்சுன்னா அது பெரும்பாலும் 1950க்கு அப்புறம் வந்த பேப்பர். மின்னலேன்னா பழசுதான்னு துள்ளாதீங்க, இப்பவும் மின்னாத பேப்பர் கிடைக்குது.

ஸ்டெப் 4: பிச்சு எடுக்காதீங்க!! நான் பண்ணேன். கறுப்பு அட்டைல ஒட்டுன ஒரு டீம் போட்டோ, பின்னாடி என்ன இருக்குன்னு ஆசப்பட்டு கத்திய விட்டு நெம்புனேன், அட்டையோட மேல்தோல் போட்டோ முதுகுலயே உரிஞ்சு ஒட்டிக்கிச்சு, அதுக்கடில பென்சில்ல வரிசையா பேரு எழுதிருக்கு, கேட்சர்ங்கற (பேட்ஸ்மேனுக்குப் பின்னாடி நின்னு பந்து பிடிக்கிறவர்) வார்த்த மட்டும் தெரியுது, ஆளு பேரு போச்சு. இப்பல்லாம் முதல் வேலையா ஒவ்வொரு பக்கத்தையும் முழுசா ஸ்கேன் பண்ணிடுவேன், எந்தப் போட்டோவுக்குப் பக்கத்துல எது இருக்குங்கறதுலயும் கத இருக்கு.

ஸ்டெப் 5: ஆசிட் இல்லாத டிஷ்யூவ பக்கத்துக்கு நடுவுல வச்சு பெட்டில படுக்க வைங்க. பசை தடவுன பிளாஸ்டிக் ஆல்பம் பக்கமே போகாதீங்க.

பேரு ஏதாவது கிடைச்சா சிகாகோ டிஃபெண்டர், பிட்ஸ்பர்க் கூரியர் மாதிரி பழைய கறுப்பினப் பத்திரிகைல தேடுங்க, டிஜிட்டல் காப்பிய நிறைய லைப்ரரி கார்டுலயே பாக்கலாம்.