பழைய பொம்மைகள் படம்போட்ட ஸ்டாம்புகள்: கவரிலிருந்து ஆல்பம் வரை

போன மாதம் அக்கா மகளிடம் ஒரு ஸ்டாம்பைக் காட்டினேன். சுவிட்சர்லாந்து 1983-இல் வெளியிட்டது, 1850 வாக்கில் செய்த பொம்மை அடுப்பின் படம். "மாமா, இது நம்ம சொப்பு சாமான்தானே!" என்றாள். அன்றைக்கே அவளும் சேகரிப்பில் இறங்கிவிட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எதைத் தேடுவது?

"உலக ஸ்டாம்பு எல்லாம் சேர்ப்பேன்" என்று கிளம்பினால் மூன்றே மாதத்தில் சலித்துவிடும். பழைய பொம்மை என்று ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். நான் ஆரம்பிக்கச் சொல்வது அமெரிக்காவின் 1970 கிறிஸ்துமஸ் ஸ்டாம்புகளில். ஆறு சென்ட் விலையில் நான்கு: ரயில் எஞ்சின், சக்கரம் வைத்த குதிரை, மூன்று சக்கர சைக்கிள், பொம்மைக் குழந்தையைத் தள்ளும் வண்டி. கோடிக்கணக்கில் அச்சடித்தவை என்பதால் விலை மலிவு, கைதவறிக் கிழிந்தாலும் அழ வேண்டாம். இவற்றில் சிலவற்றின் மேல் கறுப்புக் கோடுகள் ஓடும். அழுக்கோ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விற்கும் முன்பே அச்சிலேயே போட்ட முத்திரை அது. அந்த ஆண்டு செய்துபார்த்த ஒரு சோதனை. கோடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்று இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கனடாவின் 1979 கிறிஸ்துமஸ் ஸ்டாம்புகள்: ரயில், குதிரை, பின்னல் பொம்மை. கிழக்கு ஜெர்மனி 1980-களின் தொடக்கத்தில் பழைய பொம்மைகளைப் பல ஸ்டாம்புகள் சேர்ந்த சிறு தாள்களாகவே வெளியிட்டது. பட்டியல் வேண்டுமென்றால் கோல்நெக்ட் (Colnect) என்ற ஸ்டாம்புப் பட்டியல் தளத்தில் "யூரோப்பா 2015" என்று தேடுங்கள். ஐரோப்பிய அஞ்சல் துறைகள் ஆண்டுதோறும் ஒரு பொதுத் தலைப்பு எடுப்பார்கள். 2015-இல் பழைய பொம்மைகள்தான். நாட்டுக்கு ஒரு பொம்மையாக வந்து விழும்.

நம்மூர் தலைமை அஞ்சலகத்தில் வெளிநாட்டு ஸ்டாம்பு விற்க மாட்டார்கள். இந்திய வெளியீடுகளுக்கு மட்டும் முன்பணம் கட்டிப் பிலேட்டலி டெபாசிட் கணக்கு (புது ஸ்டாம்பு வந்ததும் அனுப்பிவைக்கும் கணக்கு) தொடங்கலாம். மற்றதெல்லாம் சேகரிப்பவர்களிடம் மாற்றிக்கொள்வதும், கலவையாகக் கிடைக்கும் பொட்டலங்களும்தான்.

கவரிலிருந்து பிரித்தல்

உரித்து எடுக்கவே கூடாது. உரித்தால் பின்பக்கத் தாள் ஒரு படலமாகக் கவரோடு போய்விடும். முன்னால் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். ஸ்டாம்பின் மதிப்பு அங்கேயே போச்சு.

சுற்றிலும் ஒரு விரல் அகலம் விட்டுக் கவரைக் கத்தரியுங்கள். அகலமான கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் ஐந்தாறு துண்டுகள், படம் மேலே பார்க்க. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் ஊறவைத்தால் காய்ந்தபின் வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் பிடித்துவைத்ததைத்தான் எடுப்பேன். சிவப்பு, பச்சைக் கவர் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள், சாயம் இறங்கும்.

பதினைந்து இருபது நிமிடத்தில் ஸ்டாம்பு தானாக நழுவும். நழுவவில்லையா, இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். நகத்தால் சுரண்டும் வேலை வேண்டாம். நழுவியதும் பின்பக்கத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். வெண்டைக்காய் போல வழவழத்தால் பசை இன்னும் இருக்கிறது. நல்ல தண்ணீரில் இன்னொரு முறை அலசுங்கள்.

இரண்டு வகையைத் தண்ணீரில் போடவே கூடாது. ஒன்று, பயன்படுத்தாத புது ஸ்டாம்பு. பின்னால் உள்ள பசையோடு இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இன்னொன்று ஸ்டிக்கர் வகை. அமெரிக்கா 2002-இல் "பழைய பொம்மைகள்" என்றே 37 சென்ட் ஸ்டாம்புகள் போட்டது: தபால் வண்டி, எஞ்சின், டாக்சி, தீயணைப்பு வண்டி. இவை ஸ்டிக்கர்கள். இந்த வகையை ஊறவைத்து மல்லுக்கட்டாமல், மூன்று மில்லிமீட்டர் தாள் விட்டு அழகாகக் கத்தரித்துக் கவர்த் தாளோடேயே வைத்துவிடுவதே என் வழக்கம்.

உலர்த்துதல்

செய்தித்தாளில் வைக்காதீர்கள், மை ஒட்டும். அச்சில்லாத வெள்ளைத் தாளில் படம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். சேலம் வெயிலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் கால் மணி நேரத்தில் அப்பளமாகச் சுருண்டுவிடும், நிழலே போதும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம். மறுநாள் காலை எடுங்கள்.

சோதித்தல்

மெடிக்கல் ஷாப் ட்வீசர் ஆகாது, அதன் பல் காகிதத்தில் பதியும். நுனி தட்டையான ஸ்டாம்பு ட்வீசரே வாங்குங்கள்; இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஓரப் பற்கள் எல்லாம் இருக்கின்றனவா, மூலை மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழக்கு ஜெர்மனி ஸ்டாம்பில் ஒரு வேடிக்கை: முத்திரை ஒரு மூலையில் அளவெடுத்தாற்போல விழுந்திருக்கும், பின்னால் பசையும் அப்படியே இருக்கும். தபாலில் போகாமலேயே சேகரிப்பவர்களுக்காக முத்திரை குத்தி விற்றது அது. போலி அல்ல, ஆனால் நிஜத் தபாலில் போனது என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் தராதீர்கள்.

ஏற்காட்டில் நான் பட்டது

வாங்கிவைத்த புது ஸ்டாம்புகளை ஒரு டப்பாவில் போட்டு ஏற்காட்டுச் சித்தப்பா வீட்டு அலமாரியில் மறந்துவிட்டேன். ஐப்பசி மழையும் மூடுபனியும் சேர்ந்து ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் ஒரே கட்டியாக ஒட்டவைத்துவிட்டன. இழுத்துப் பிரிக்கப்போய் இரண்டைக் கிழித்தேன். அப்புறம்தான் வழி தெரிந்தது: மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் ஒரு சிறு வலைத்தட்டு, தட்டில் ஸ்டாம்புக் கட்டி. தண்ணீர் ஸ்டாம்பைத் தொடக் கூடாது, ஈரக்காற்று மட்டும்தான். சில மணிக்கு ஒருமுறை திறந்து ட்வீசரால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. பசை கொஞ்சம் கலைந்தது உண்மை, படம் தப்பியது.

மலையில் வீடு உள்ளவர்கள் ஸ்டாக் புக்கை (ஸ்டாம்புகளைச் செருகிவைக்கும் ஆல்பத்தை) நிற்கவைத்து அடுக்குங்கள், பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், வாரம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிக் காற்றுக் காட்டுங்கள்.

பக்கம் அமைத்தல்

நாடு வாரியாக அடுக்காதீர்கள், பொம்மை வாரியாக அடுக்குங்கள். அக்கா மகள் போட்ட முதல் பக்கம் முழுக்க ரயில்: அமெரிக்கா 1970, கனடா 1979, சுவிட்சர்லாந்து 1983 (அந்த அடுப்போடு வந்த ரயில்), அமெரிக்கா 2002, கடைசியில் பிரிட்டன் 2017-இல் பழம்பெரும் பொம்மைகளுக்காக வெளியிட்ட பத்தில் ஒன்றான ஹார்ன்பி டப்லோ ரயில். ஒவ்வொன்றின் கீழும் பென்சிலில் நாடு, ஆண்டு, பொம்மை எதால் ஆனது என்று மூன்றே விவரம். அடுத்த பக்கத்துக்குக் குதிரைகளை எடுத்துவைத்திருக்கிறாள், சுவிஸ் ஆடுகுதிரை மட்டும் இன்னும் கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது.