ரேஞ்ச் ஃபுல்லா காட்டுது, ஆனா பேச முடியல: நம்ம குமரி மாவட்டத்துல வீட்டு நெட்வொர்க்க நாமளே அளந்து சரி பண்றது எப்படி

எங்க அம்மா குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளைக்கு நடுவுல உள்ள வீட்ல தனியா இருக்காங்க, தம்பி துபாய்ல. அவன் டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து சேரும்போ நமக்கு ராத்திரி எட்டரை ஆயிடும், அப்போ தான் வீடியோ கால். போன்ல நாலு கட்டை நிக்கும், ஆனா அவன் முகம் அப்படியே உறைஞ்சு போய் நிக்கும், கொரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வரும், அம்மா "மக்கா, கேக்குதா, கேக்குதா"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க, அஞ்சு நிமிஷத்துல வெறுத்து வச்சிருவாங்க. இடவப்பாதி மழை முழுக்க இப்படியே போச்சு. அப்புறம் தான் உக்காந்து இத ஒழுங்கா அளக்கணும்னு முடிவு பண்ணேன். நான் கத்துக்கிட்டத அப்படியே எழுதுறேன், நம்ம மாவட்டத்துல பாதி வீட்ல யாராவது ஒருத்தர் வெளிநாட்ல இருக்காங்க, நிறைய பேருக்கு ஒதவும்.

முதல்ல அந்த கட்டைய நம்புறத விட்ருங்க. நாலு கட்டைன்னா எவ்வளவு சிக்னல்னு எல்லா போனுக்கும் பொதுவா ஒரு அளவு கிடையாது, ஒவ்வொரு கம்பெனிக்காரனும் அவன் இஷ்டத்துக்கு காட்டுவான். உண்மையான அளவு டிபிஎம்ங்கற, சிக்னல் பவர அளக்குற அலகுல இருக்கும். ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போய் அபவுட் போன், அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ் பாத்தா சிக்னல் ஸ்ட்ரெங்த்னு ஒரு மைனஸ் நம்பர் வரும். சில போன்ல *#*#4636#*#* அடிச்சாலும் வரும், ஐபோன்னா *3001#12345#* அடிச்சு கால் பட்டன அமுக்குங்க. 4ஜில அந்த நம்பருக்கு பேரு ஆர்எஸ்ஆர்பி. மைனஸ் 80 கிட்ட இருந்தா அருமை, மைனஸ் 100 வரைக்கும் சமாளிக்கலாம், மைனஸ் 110 தாண்டினா கஷ்டம், மைனஸ் 120ல கால் நிக்காது. மைனஸ்ங்கறதால நம்பர் பெருசாக பெருசாக சிக்னல் கொறையுதுன்னு அர்த்தம். இதுல முக்கியமா மனசுல வச்சுக்க வேண்டியது, 3 டிபி, அதாவது அந்த டிபிஎம் நம்பர்ல 3, கொறைஞ்சா பவர் பாதி ஆயிடும், 10 டிபி கொறைஞ்சா பத்துல ஒரு பங்கு தான் மிச்சம். அம்மா வீட்டு அடுக்களைல மைனஸ் 113, மாடி மேற்கு ஜன்னல்ல மைனஸ் 96. கேக்க சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனா கணக்கு பாத்தா அம்பது மடங்கு. அதனால போன கைல வச்சுட்டு வீடு முழுக்க ஒரு நடை நடங்க, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷம் நின்னு நம்பர எழுதுங்க.

இது மட்டும் போதாது. ரேடியோ சத்தமா பாடுது, ஆனா பக்கத்து வீட்ல அதவிட சத்தமா மைக் செட் போட்ருக்கான்னா பாட்டு கேக்குமா? அதே கதை தான், நம்ம டவரோட சிக்னல் நல்லா இருந்தாலும் வேற டவரோட சிக்னல் வந்து இடிச்சா பேச்சு கெட்டுப்போகும். அத சொல்ற நம்பர் எஸ்ஐஎன்ஆர். 20க்கு மேலன்னா பிரமாதம், 13ல இருந்து 20 நல்லது, அதுக்கு கீழ எறங்க எறங்க மோசம், பூஜ்யத்துக்கு கீழ போனா வீடியோ கால மறந்திருங்க. ஐபோன் டெஸ்ட் மோட்ல இது தெரியும், ஆண்ட்ராய்டுல நெட்மான்ஸ்டர் மாதிரி ஃப்ரீ ஆப் ஒண்ணு போட்டா பெரும்பாலான போன்ல காட்டும்.

இந்த ரெண்டு நம்பரும் நல்லா இருந்தும் நெட் இழுக்குதுன்னா பெரும்பாலும் கூட்டம். ஒரு டவர்ல ஒரு பக்கத்துக்கு இவ்வளவு தான்னு ஒரு அளவு இருக்கு, அத அந்த பக்கம் இருக்குற எல்லாரும் பங்கு போட்டு தான் எடுக்கணும். ராத்திரி எட்டு மணில இருந்து பத்தரை வரைக்கும் ஊரே போன்ல இருக்கும். ஐயப்ப சீசன்ல கன்னியாகுமரி கடற்கரைலயும், மாசி கொடைக்கு மண்டைக்காட்டுலயும் நெட் நின்னு போறதும் இதே காரணம் தான். அதனால காலைல ஆறு மணிக்கு ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ, ராத்திரி ஒம்போதுக்கு ஒரு தடவன்னு அளக்கணும். காலைல பறக்குது ராத்திரி படுக்குதுன்னா உங்க வீட்டு பிரச்சனை இல்ல, டவர்ல இடம் பத்தல. மூணு நேரமும் மோசம்னா உங்க வீட்டுக்கும் டவருக்கும் நடுவுல என்னமோ மறைக்குது.

ஸ்பீடு டெஸ்ட் எல்லாரும் பண்றது தான், ஆனா எல்லாரும் டவுன்லோடு நம்பர மட்டும் பாத்து 40 எம்பி வருதே, அப்புறம் என்னன்னு கேப்பாங்க. வீடியோ காலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு எம்பிபிஎஸ் நிலையா கெடைச்சாலே தாராளம், சும்மா பேசுறதுக்கு அதுல பத்துல ஒண்ணு கூட வேண்டாம். நீங்க பாக்க வேண்டியது அப்லோடு, லேட்டன்சி, ஜிட்டர். அப்லோடுன்னா நம்ம போன்ல இருந்து வெளிய போற வேகம், லேட்டன்சின்னா நம்ம பேச்சு போய் திரும்பி வர எடுக்குற நேரம், ஜிட்டர்னா அந்த நேரம் ஒரே மாதிரி இல்லாம துள்ளுறது. நாம பேசினது அவங்க காதுக்கு போய் சேர 150 மில்லி செகண்டுக்குள்ள இருந்தா நேர்ல பேசுற மாதிரி இருக்கும்னு ஐடியூங்கற உலக தொலைத்தொடர்பு அமைப்பு சொல்லுது. அதுக்கு மேல ஏற ஏற ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒரே நேரத்துல நிறுத்துவாங்க. ஜிட்டர் 30 மில்லி செகண்ட் தாண்டினா கொரல் உடையும். எங்க வீட்ல அப்லோடு தான் மாட்டுச்சு, அம்மா போன்ல எடுத்த போட்டோவ எல்லாம் அந்த நேரம் பாத்து பேக்கப் ஆப் மேல ஏத்திட்டு இருந்துச்சு. அத ராத்திரி பன்னெண்டுக்கு மேல சார்ஜ்ல கெடக்கும்போ மட்டும் ஓடற மாதிரி மாத்தினேன், பாதி உறைச்சல் அன்னைக்கே போயிடுச்சு. நீங்க மொத மொத பண்ண வேண்டிய வேலை இதுதான், பத்து பைசா செலவு இல்ல.

இப்போ ஒரு நோட்டு எடுங்க. தேதி, நேரம், இடம், டிபிஎம், எஸ்ஐஎன்ஆர், லேட்டன்சி, அப்லோடு, கடைசில உங்க மார்க், 1ல இருந்து 5 வரை. 5ன்னா பக்கத்துல உக்காந்து பேசின மாதிரி, 1ன்னா பேசவே முடியல. இந்த மார்க் என் கண்டுபிடிப்பு இல்ல, போன் பேச்சோட தரத்த பல வருஷமா இப்படி தான் மனுஷங்கள கேக்க வச்சு 1 முதல் 5 வரை மார்க் போட சொல்லி சராசரி எடுக்குறாங்க. மெஷின் அளக்குறது சேவையோட தரம், நம்ம மனசுக்கு படுறது அனுபவம், ரெண்டும் ஒண்ணு இல்ல. நம்பர் எல்லாம் நல்லா இருந்தும் அம்மா 2 போட்டாங்கன்னா அந்த 2 தான் உண்மை, நம்பர்ல எதையோ நாம பாக்காம விட்ருக்கோம்னு அர்த்தம். ஒரு வாரம் எழுதுங்க போதும்.

துபாய்ல உள்ளவங்களுக்கு இன்னொண்ணு சொல்லணும். அங்க வாட்ஸ்அப் கால அவங்க நாட்லயே தடுத்து வச்சிருக்காங்க, அனுமதி வாங்கின ஆப்ல தான் பேச முடியும். இது தெரியாம இங்க நெட்வொர்க்க திட்டி சிம்ம மாத்தினவங்கள பாத்திருக்கேன்.

நம்ம ஊருக்குன்னு சில காரணம் இருக்கு. பேச்சிப்பாறை, கீரிப்பாறை, ஆறுகாணி பக்கம் மலை மறைக்குது, டவர் கண்ணுக்கு தெரியாத பள்ளத்துல வீடு இருந்தா சிக்னல் மேலயே போயிடும். அடுத்தது ரப்பர் மரம், இத பத்தி யாரும் பேசறதே இல்ல. எல குடிக்கிற சிக்னல் கொஞ்ச நஞ்சம் இல்ல, அதுவும் மழைல நனைஞ்ச எல இன்னும் அதிகமா குடிக்கும், ஃப்ரீக்வென்சி கூட கூட இந்த அடி ஜாஸ்தி. 5ஜி அதிகமா ஓடற 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல உள்ள பேண்டு தோப்புக்குள்ள சீக்கிரம் செத்துரும், 700, 850, 900 மாதிரி கீழ் பேண்டு தாக்கு பிடிக்கும். தை மாசம் பக்கம் ரப்பர் எல உதிர்ந்து மரம் மொட்டையா நிக்கும்போ எங்க வீட்ல 6 டிபி கூடிச்சு, நோட்ல இருக்கு. மூணாவது, மழைக்கு பயந்து நாம எல்லாரும் மொட்டை மாடி மேல போடுற தகர ஷீட்டு. அது சிக்னல கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிரும். பழைய ஓட்டு வீட்டுக்குள்ள நல்லா கெடைச்சது, ஷீட் போட்ட பெரிய வீட்டுக்குள்ள கெடைக்காததுக்கு இதுதான் காரணம். ஷீட்டுக்கு அடில போன வச்சா மேல இருந்து வராது, பக்கவாட்டுல ஜன்னல் வழியா தான் வரணும்.

களியக்காவிளை, நீரோடி, பளுகல் பக்கம் உள்ளவங்களுக்கு போன் கேரளா டவர புடிச்சு தொங்கும், தூரத்து டவர விடாம புடிச்சுட்டு பக்கத்துல உள்ளத எடுக்காது. அப்போ செட்டிங்ஸ்ல மொபைல் நெட்வொர்க் போய் ஆட்டோமேட்டிக்க நிறுத்தி நெட்வொர்க்க கைல செலக்ட் பண்ணி பாருங்க, ஆனா வெளியூர் போகும்போ மறக்காம திரும்ப ஆட்டோமேட்டிக் போட்ருங்க. அப்புறம் கரண்ட் கட். டவருக்கும் பேட்டரி தான், அது தீந்தா டவரும் தீந்துச்சு. ஓக்கி புயல் வந்த 2017 நவம்பர் 30க்கு அப்புறம் நாள் கணக்குல இருட்டுல கெடந்தது நம்ம யாருக்கும் மறக்காது. கரண்ட் போன அரை மணி, ஒரு மணில ரேஞ்ச் போகுதுன்னா அந்த நேரத்தையும் நோட்ல எழுதுங்க, புகார்ல அது ரொம்ப பெரிய சாட்சி.

இனி சரி பண்ற வழி. போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் நடுவுல தாவிட்டே இருந்தா கால் உறையும், பேட்டரியும் குடிக்கும். செட்டிங்ஸ்ல 4ஜி மட்டும்னு வச்சு ரெண்டு நாள் பாருங்க, தோப்புக்குள்ள உள்ள வீட்ல பெரும்பாலும் அது தான் நல்லது. வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாவே சாதா கால் போற வசதி, ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு பண்ணுங்க, இல்லன்னா சாதா கால் வராது. வீட்ல கேபிள் நெட்டோ ஃபைபரோ இருந்தா வைஃபை காலிங் ஆன் பண்ணுங்க, டவரே இல்லன்னாலும் சாதா போன் கால் வைஃபை வழியா போகும், தனி காசு கெடையாது. ரௌட்டர டிவி ஸ்டாண்டுக்கு அடில ஒளிச்சு வைக்காதீங்க, வெட்டுக்கல் சுவர் தாண்டணும்னா வைஃபைல 2.4 கிகாஹெர்ட்ஸ் தான் தாண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் அதே ரூமுக்கு மட்டும் நல்லது. ஃபைபர் வராத மேட்டுல இருக்கீங்கன்னா சிம் போடுற 4ஜி ரௌட்டர் வாங்கி, நோட்ல எந்த ஜன்னல் நல்ல நம்பர் காட்டுச்சோ அங்க வச்சு, வீட்டுக்குள்ள எல்லாரும் அதோட வைஃபைல இருங்க. எங்க வீட்ல இதத்தான் பண்ணோம், மாடி மேற்கு ஜன்னல். வெளில ஆன்டெனா மாட்டுற வசதி உள்ள ரௌட்டர்னா இன்னும் நல்லது, ஷீட்டுக்கு வெளில மாட்டி டவர் பக்கம் திருப்பி விடலாம்.

சிக்னல் பூஸ்டர்னு ஆன்லைன்ல விக்கிறாங்களே, அத தயவு செஞ்சு வாங்காதீங்க. லைசென்ஸ் இல்லாம அத வச்சிருக்கிறதே சட்டப்படி குத்தம், அதோட அது போடுற எறைச்சல்ல அக்கம் பக்கத்து வீடு எல்லாருக்கும் நெட்வொர்க் கெட்டுப்போகும். ஒருத்தர் பூஸ்டர் போட்டதால தெருவுல பத்து வீடு அவதிப்படுறது நியாயமே இல்ல.

சிம் மாத்துறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுக்காரங்க போன், ரப்பர் பால்வெட்ட வர்ற அண்ணன் போன்னு வேற வேற கம்பெனி சிம் உள்ள போன வாங்கி அதே ஜன்னல்ல, அதே ராத்திரி ஒம்போது மணிக்கு அளந்து பாருங்க. கம்பெனிக்காரங்க வெப்சைட்ல கவரேஜ் மேப்பும் போடணும்னு ட்ராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், சொல்லிருக்கு, ஆனா மேப்ல பச்சைன்னா உங்க அடுக்களைலயும் பச்சைன்னு அர்த்தம் இல்ல. முடிவு பண்ணா போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு உங்க நம்பர போட்டு 1900க்கு மெசேஜ் அனுப்புங்க, வர்ற கோடு 4 நாளைக்கு செல்லும். இப்போ உள்ள கம்பெனில 90 நாளாவது இருந்திருக்கணும்.

மாத்த மனசில்லன்னா புகார் குடுங்க, 198. "நெட்வொர்க் சரியில்ல"ன்னு சொன்னா போன ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு வச்சிருவாங்க, எனக்கும் மொத ரெண்டு தடவ அதான் நடந்துச்சு, மூணாவது தடவ சரி ஆயிடுச்சுன்னு அவங்களே மெசேஜ் அனுப்பி முடிச்சுட்டாங்க. நாலாவது தடவ நோட்ட பாத்து வாசிச்சேன், ஏழு நாள், ராத்திரி எட்டரைல இருந்து பத்து, டிபிஎம் இவ்வளவு, எஸ்ஐஎன்ஆர் இவ்வளவு, காலைல லேட்டன்சி 45 ராத்திரி 300ன்னு. அப்போ தான் இன்ஜினியர் திரும்ப கூப்பிட்டார். டாக்கெட் நம்பர, அதாவது புகார் நம்பர, வாங்காம போன வைக்காதீங்க. பதில் திருப்தி இல்லன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், அவங்க 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். ட்ராய் தனி ஆள் புகார எடுக்காது, அங்க எழுதி நாள வீணாக்காதீங்க, மத்திய அரசோட பிஜி போர்ட்டல்ல தொலைத்தொடர்பு துறைக்கு போடுங்க. 2024 அக்டோபர் 1ல இருந்து வந்த புது விதிப்படி மாவட்ட அளவுல 24 மணி நேரத்துக்கு மேல நெட்வொர்க் போச்சுன்னா போஸ்ட்பெய்டுக்கு வாடகைல கழிக்கணும், ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி கூட்டணும், இயற்கை பேரிடர்னா மட்டும் விதிவிலக்கு. கால் கட் ஆகறது 2 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னும் இருக்கு, ஆனா அது ரொம்ப பெரிய பரப்புக்கு சராசரி பாக்குற கணக்கு, அதுல ஒரு மலையடி வார்டு காணாம போயிடும். அந்த வார்டு இருக்குன்னு காட்டுறது உங்க நோட்டு தான், அதனால பக்கத்துல நாலு வீட்டையும் சேத்து எழுத வச்சு ஒண்ணா குடுங்க.

அம்மா இப்போ பெரும்பாலும் 4 போடுறாங்க. மாசி, பங்குனில ரப்பர் தளிர் விட்டு எல முத்தினதும் நான் மறுபடி போய் அளப்பேன், நீங்களும் எல இல்லாத நேரத்துல அளந்துட்டு சரியா இருக்குன்னு விட்ராதீங்க, எல வந்தப்புறம் ஒண்ணு, நல்ல மழைல ஒண்ணுன்னு ரெண்டு தடவ திரும்ப அளந்து அந்த ரௌட்டர எங்க வைக்கணும்னு முடிவு பண்ணுங்க.