அச்சம் எழும்போது மூச்சை நீட்டி விடுங்கள்

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்குச் செல்லும் சாலையில், அந்தி சாய்ந்தபின் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கருத்த உருவம் ஒன்று தென்பட்டால், அது யானையா பாறையா என்று அறிவு தீர்மானிப்பதற்குள் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. மூளையில் வாதுமைக்கொட்டை வடிவிலுள்ள அமிக்டலா எச்சரிக்கை எழுப்ப, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினை வெளியிடுகின்றன. இதயம் விரைந்து துடித்து, தசைகளுக்குக் குருதி கூடுதலாகப் பாய்வதால், ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. செரிமானம் அப்போதைக்கு ஒத்திவைக்கப்படுவதால்தான் வாய் உலர்ந்து வயிறு பிசைகிறது.

யானை நடமாட்டத்தை அறிவிக்க வால்பாறைப் பகுதியில் சிவப்பு விளக்குகள் வைக்கப்பட்டுள்ளன. அச்சமும் அத்தகைய விளக்குதான். எதிரே நிற்பது உண்மையிலேயே யானை என்றால், அச்சம் சொல்வதைக் கேட்டு ஓசையின்றிப் பின்வாங்குவதே முறை. (கைப்பேசியில் படமெடுக்க நெருங்குவோருக்கு அச்சம் சற்றுக் கூடுதலாகவே இருந்திருக்கலாம்.)

நேர்முகத் தேர்வு அறையின் வாசலிலும் இதே விளக்கு எரிவதுதான் சிக்கல். அங்கே ஓடுவதற்கு இடமில்லை. நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிவதால், இரண்டு மூன்று நிமிடங்களில் படபடப்பு குறையத் தொடங்கும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.